சொந்த நாட்டுக்குச் சுற்றுலா விசா

லடோனியாவின் குடிமகனாக எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படிவத்தில் பெயரையும் மின்னஞ்சலையும் நிரப்பி அனுப்பினேன், கட்டணம் கிடையாது. பிரபுப் பட்டம் வேண்டுமானால் மட்டும் காசு கேட்கிறார்கள். இருக்கிற பெயரையே பலர் பிழையாக எழுதும்போது பட்டம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஸ்வீடனின் தென்மேற்குக் கரையில், குல்லாபெர்க் இயற்கைக் காப்பகத்துக்குள் கிடக்கும் ஒரு சதுர கிலோமீட்டர்தான் இந்த நாடு. லார்ஸ் வில்க்ஸ் என்ற கலைஞர் 1980இல் அங்கே கரையொதுங்கிய கட்டைகளை ஆணியடித்துக் கோபுரங்களாக எழுப்பத் தொடங்கினார். நிமிஸ் என்று பெயர் வைத்தார். இறங்கிச் செல்லக் கடினமான இடம் என்பதால் அதிகாரிகள் கண்ணில் அது படவே இரண்டு ஆண்டுகள் ஆயின. இடிக்கச் சொன்னார்கள், வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 1996இல் மனிதர் அந்த இடத்தைத் தனி நாடு என்று அறிவித்துவிட்டார்! இந்தக் குசும்புக்காகத்தான் நான் விண்ணப்பித்தேன்.

அனுப்பிய பிறகுதான் ஒரு செய்தியைப் படித்தேன். பாகிஸ்தானிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், அங்கே போய்க் குடியேறலாம் என்று நம்பி இதே குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். லடோனியாவில் யாரும் வசிப்பதில்லை. குடிமக்கள் எல்லோருமே வெளியூர்க்காரர்கள். சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். நான் பொழுதுபோகாமல் நிரப்பிய கட்டங்களை அவர்கள் பிழைப்புக்கு வழி தேடி நிரப்பியிருக்கிறார்கள்.

வரி உண்டு. ஆனால் பணமாக வாங்கமாட்டார்கள், படைப்பாற்றலில் கொஞ்சம் தரவேண்டும். மூன்று கால் நாற்காலி ஒன்றை வரைந்தேன். நான்காவது கால் சரியாக வரவில்லை என்பதே உண்மை.

பிறகு நாட்டை நேரில் பார்க்கும் ஆசை வந்தது. அதற்கு ஸ்வீடனின் விசா வேண்டும். பத்து நிமிடத்தில் குடிமகனானவன், வங்கிக் கணக்கு விவரம், பயணக் காப்பீடு, தங்குமிடச் சான்று என்று வாரக்கணக்கில் அலைந்தேன். பயண நோக்கம் என்ற இடத்தில் 'சொந்த நாட்டைப் பார்க்க' என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு 'சுற்றுலா' என்றே எழுதினேன்.

ஹிம்மெல்ஸ்டோர்ப் பண்ணையருகே காட்டுப் பாதை தொடங்குகிறது. மரங்களில் மஞ்சள் வண்ணத்தில் தீட்டிய 'N' என்ற ஆங்கில எழுத்துகள்தான் வழிகாட்டி. கடைசிச் சரிவில் கால் வைக்கும் கல்லெல்லாம் உருண்டது; பாதித் தூரம் உட்கார்ந்தபடியே இறங்கினேன். குடியுரிமை மின்னஞ்சலை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். எல்லையில் அதைக் கேட்க ஓர் ஆள் இல்லை. நிமிஸின் கட்டைச் சுரங்கத்துக்குள் குனிந்து நுழைந்தபோது, துருத்திக்கொண்டிருந்த ஆணி ஒன்று சட்டைக் கையைக் கிழித்தது.