பாலம் திறக்கும் வரை ஒரு தூளி

ஆடி 2, வெள்ளி

பாம்பன் பாலத்திற்கு வடக்கே நங்கூரம் போட்டாயிற்று. எங்களுக்கு முன்பே வந்த ஆழ்கடல் படகுகள் வரிசையாக நிற்கின்றன. தூக்குப்பாலம் எப்போது திறக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேபினில் உள்ள இரண்டு படுக்கைப் பலகைகளும் மூத்தவர்களுக்கு என்பது எழுதாத சட்டம். எனக்குக் கிடைத்தது, வலை மூட்டைக்கும் டீசல் கேன்களுக்கும் நடுவே, 8 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட ஒரு சந்து. அதன் தரையில் படுத்தால் எஞ்சின் அறையின் சூடு இரவு முழுவதும் முதுகில் ஏறுகிறது.

ஆடி 3, சனி

தங்கையிடமிருந்து செய்தி இல்லை.

ஆடி 4, ஞாயிறு

அண்ணன் பழைய வலைத்துண்டு ஒன்றை அந்தச் சந்தில் கட்டிக்கொடுத்தார். வலையை இழுத்துக் கட்டுகிற கை அது; தொய்வு என்றால் அவருக்குக் குறை. வில்லின் நாணைப் போல விறைத்து நின்ற அதில் ஏறிப் படுத்ததும், இரு ஓரங்களும் எழுந்து தோள்களை நெருக்கின, முடிச்சுகள் ஒவ்வொன்றாக விலாவில் பதிந்தன. விறைப்பாகக் கட்டினால் தட்டையாகக் கிடக்கலாம் என்று தோன்றும்; உண்மை நேர்மாறானது. தொங்கும் கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், ஒவ்வொரு முனையும் படுப்பவரின் எடைக்குச் சமமான இழுவையைத் தாங்குகிறது. அதே சரிவு 10 பாகையாகக் குறைந்தால் இழுவை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும்; 60 கிலோ ஆளுக்கு, ஒவ்வொரு கொக்கியிலும் 170 கிலோவுக்கு மேல். கேபின் பலகையில் திருகிய கொக்கிக்கு அது பெரிய சோதனை.

இவை அனைத்தையும் அண்ணனிடம் விளக்கினேன். “படுத்துத் தூங்குறதுக்குக் கணக்கா தம்பி?” என்றார்.

ஆடி 5, திங்கள்

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயவில்லை. செய்தியும் இல்லை. சிக்னல் இரண்டு கோடு இருக்கிறது; ஆகவே அதைக் குறை சொல்லவும் வழியில்லை.

வலையைக் கழற்றிவிட்டு, பையில் இருந்த ஐந்தரை மீட்டர் நூல் சேலையை இரண்டாக மடித்தேன். 9 அடி நீளம், இரட்டைத் துணி. முனைகளைக் கொசுவிக் கட்டி, இரண்டு கொசுவங்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏழரை அடி இருக்கும்படி மாட்டினேன். துணி நீளத்தில் ஆறில் ஐந்து பங்கு என்பது பலரும் கையாளும் அளவு. சந்து குறுகியது என்பதால் முனைகளுக்குக் கயிறு அதிகம் தேவைப்படவில்லை. நாலரை அடி உயரத்தில் கொக்கி இருந்தால், உட்காரும்போது துணி தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் நிற்கிறது. முதலில் நடுவில் உட்கார்ந்து, பிறகு தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் சற்று விலக்கிக் குறுக்காகச் சாய வேண்டும். இந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது: நடுக்கோட்டில் படுப்பவர் வாழைப்பழமாக வளைகிறார், குறுக்கே படுப்பவருக்கு முதுகு நிமிர்கிறது. 3 அடி அகலம் அதற்குப் போதும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றையும் வைத்தேன்.

தூங்கினேன்.

ஆடி 6, செவ்வாய்

நைலான் கயிறு இரவில் நீண்டுவிட்டது. பாரத்தில் அது நீளும், ஈரம் பட்டால் இன்னும் தளரும். விடியும்போது இடுப்பு டீசல் கேனை உரசியது. மீண்டும் கட்ட வேண்டும்.

ஆடி 8, வியாழன், அமாவாசை

இராமேசுவரத்தில் தர்ப்பணம் செய்ய வந்தவர்களின் வண்டிகள் சாலைப் பாலத்தில் நெடுநேரம் ஊர்ந்தன. கால்வாயில் நீரோட்டம் இன்று வேகமாக இருந்தது. மாமா சோறு உண்ணாமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

பிற்பகலில் கைபேசியில் படித்தவை மனத்தில் ஒட்டிக்கொண்டன. 1492இல் கொலம்பசின் ஆட்கள் பகாமா தீவுகளில் இத்தகைய தொங்கும் படுக்கைகளைக் கண்டார்கள். பின்னர் ஐரோப்பியக் கப்பல்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. ஆங்கிலேயக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் மேல்தளத்தில் காவலில் இருப்பார்கள் என்பதால் உண்மையில் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர்களோடு ஒப்பிட்டால் நான் ஜமீன்தார். 2011இல் ஜெனீவாவில் 12 ஆண்களை மெல்ல ஆடும் கட்டிலில் பகலில் 45 நிமிடம் படுக்கவைத்துப் பார்த்ததில், ஆடாத கட்டிலைவிட விரைவாக உறங்கினார்களாம். எந்தத் தாயிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். ஆனால் ஆட்டம் உறக்கத்தைக் கொண்டுவரும், கவலையை எடுத்துச் செல்லாது. இரவு இரண்டு மணிக்கு விழித்து, திரையைத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஆடி 9, வெள்ளி

முதுகு குளிர்ந்தது. ஆடி மாதத்தில், இந்தக் கரையில்! அடியில் காற்று புகுந்து ஓடுவதால் உடம்பின் சூடு கீழ்வழியே போய்விடுகிறது. உள்ளே போர்வை விரித்தால் உடல் பாரத்தில் நசுங்கி அது பயனற்றுப் போகிறது. துணிக்கு வெளியே, அடிப்புறத்தில் ஒரு சாக்கைத் தளர்வாகத் தொங்கவிட்டேன். மீன்வாடை அடிக்கிறது, பரவாயில்லை.

ஆடி 10, சனி

நாளை நண்பகலில் திறப்பார்கள் என்று தகவல் வந்திருக்கிறது. 1914 முதல் நின்ற பழைய பாலத்தில் இரண்டு கைகள் பிரிந்து மேலே எழுந்தன. 2025இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் உயர்கிறது. அதன் அடியில் புகுந்து தென்கடலுக்குப் போனதும் கச்சான் அலை பக்கவாட்டில் அடிக்கும். நல்லவேளையாக என் சந்து படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கமாக நீளவாக்கில் இருக்கிறது. படகு இருபுறமும் உருளும்போது தூளி தூக்குநூலைப் போல நேராகவே நிற்கும், கேபின்தான் அதைச் சுற்றி ஆடும். குறுக்கே கட்டியிருந்தால் தலையும் காலும் மாறி மாறி மேலெழும். ஆனால் சுவர்கள் நெருக்கம் என்பதால், மூட்டைப் பக்கம் பழைய டயர் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பக்கக்கட்டாகப் போட்டிருக்கிறேன். அது ஆட்டத்தைத் தணிக்க வேண்டும், தடுத்துவிடக் கூடாது.

மாமா வந்து துணியை அழுத்திப் பார்த்தார். இன்றிரவு அவரைப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் என்னைவிட உயரம், ஆகவே கால்பக்கக் கொக்கியை ஒரு சாண் உயர்த்த வேண்டும்.

ஆடி 11, ஞாயிறு

தங்கை விடியற்காலையில் அழைத்தாள். தூத்துக்குடியில் இறங்கிவிடுகிறேன். சேலையை அவிழ்க்கவில்லை.