சொல்லாமல் நீண்ட கை: ஃப்ராக்ஷனல் டர்போப்ராப் விமானித் தேர்வு அனுபவம்

போன வியாழக்கிழமை பிற்பகல், டல்லாஸ் அருகே ஒரு சிமுலேட்டர் கட்டடத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தேர்வாளர் வந்து கை கொடுத்தார். ஃப்ராக்ஷனல் நிறுவனம் ஒன்றில், அதாவது பலர் பங்கு போட்டு வாங்கிய விமானங்களை அவர்களுக்காக இயக்கும் நிறுவனத்தில், துணை விமானியாவதற்கான தேர்வில் இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முயற்சியில் நான் தவறியதற்குக் காரணம் படிப்பில் இருந்த குறை அல்ல. நான் சொல்லாமல் நீண்ட என் கை. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். இன்டாக் (நிறுவன அறிமுகம்), கிரவுண்ட் ஸ்கூல் (வகுப்பறைப் பாடம்), சிமுலேட்டர், ஓரல் (வாய்மொழித் தேர்வு), செக் (பறத்தல் தேர்வு) என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்ததே என்பதால் அதை விளக்கவில்லை.

அரிசோனாவில் மூன்று ஆண்டுகள் விமானப் பயிற்றுநராக இருந்தேன். பயிற்றுநர் என்றால் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், ஆனால் அவரை நம்ப முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நாமே பார்த்து, நாமே தொட்டு, நாமே சரிசெய்து பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு பி.சி-12 என்ற ஒற்றை எஞ்சின் டர்போப்ராப் (டர்பைன் எஞ்சின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும்) விமானத்துக்கு வந்தேன். இந்த விமானத்தை ஒரே விமானி ஓட்டலாம் என்றுதான் சான்றளித்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் 91ஆம் பாகத்தில் 2003இல் சேர்க்கப்பட்ட ‘கே’ உட்பிரிவின்படி, ஃப்ராக்ஷனல் திட்டத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும்போது, விசேஷ அனுமதி இல்லாவிட்டால், இரண்டு விமானிகள் இருந்தே ஆகவேண்டும். ஒருவரே ஓட்டக்கூடிய விமானத்தில் இரண்டாவது ஆளாக உட்காருவது எப்படி என்பதுதான் உண்மையான பாடம். கிரவுண்ட் ஸ்கூலில் அதற்கு யாரும் அரை நாள்கூட ஒதுக்கவில்லை என்ற கசப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

நடந்தது இது. டிசம்பர் மாத நியூ இங்கிலாந்து வானத்தைச் சிமுலேட்டரில் அமைத்திருந்தார்கள். கேப்டன் ஓட்டுகிறார், நான் கண்காணிப்பவன். மேகத்துக்குள் இறங்கி வரும்போது இறக்கையில் பனி படிந்தது. ப்ரொப்பெல்லரைச் சூடாக்கிப் பனியை நீக்கும் டீ-ஐஸைப் போட்டோம், பனித் துகள் எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கும் இனர்ஷியல் செப்பரேட்டரைத் திறந்தோம், இறக்கை விளிம்பில் ஊதிப் பனியை உடைக்கும் ரப்பர் பூட்களை இயக்கினோம். இவற்றில் இரண்டு, அதாவது ப்ரொப்பெல்லர் டீ-ஐஸும் திறந்த செப்பரேட்டரும், சேர்ந்திருந்தால் ஸ்டிக் புஷர் (இறக்கை தூக்குவிசையை இழந்து ‘ஸ்டால்’ ஆவதைத் தடுக்க மூக்கைத் தானே தாழ்த்தும் கருவி) தானாகவே ஐஸ் மோடுக்கு மாறிவிடும் என்பது இந்த விமானத்தைப் படித்த எல்லோருக்கும் தெரியும். பனி ஒட்டிய இறக்கை சீக்கிரமே ஸ்டால் ஆகும் என்பதால், கட்டுப்பாட்டுக் கோலை அதிரவைத்து எச்சரிக்கும் ஷேக்கரும் புஷரும் வழக்கத்தைவிட அதிக வேகத்திலேயே வேலை செய்யத் தொடங்கும். தரையிலிருந்து 1,800 அடி உயரத்தில் மேகத்தை விட்டு வெளியே வந்தோம். ஓடுபாதை விளக்குகள் பளிச்சென்று தெரிந்தன. மேகம் போயிற்று, இனி இது எதற்கு என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் என் கை நீண்டு டீ-ஐஸை அணைத்து, செப்பரேட்டரையும் மூடிவிட்டது. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

தேர்வாளர் சிமுலேட்டரை அப்படியே நிறுத்தினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புஷர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேப்டனிடம் கேட்டார். ஐஸ் மோடில் என்று கேப்டன் தயங்காமல் சொன்னார். அது தவறான பதில். அதைத் தவறாக்கியவன் நான். இறக்கையில் பனி அப்படியே ஒட்டியிருக்க, அதற்கான காப்பை மட்டும் நான் எடுத்துவிட்டிருந்தேன். அன்று மாலை விடுதி அறையில், இந்தத் தோல்வி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸில் (விமானிகளின் பதிவேட்டில்) ஏறும், இனி எந்த நிறுவனம் என்னை எடுக்க நினைத்தாலும் இதைப் பார்க்கும் என்பதை எண்ணிக்கொண்டு வெகுநேரம் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன்.

கூடுதல் பயிற்சிக்கும் மறுதேர்வுக்கும் நடுவே பதினொரு நாள் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, காக்பிட் படத்தை உண்மை அளவில் அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மனைவியைக் கேப்டனாக்கினேன். விமானத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அவளுடைய பெரிய தகுதி. விதி ஒன்றே ஒன்று: எந்த விசையைத் தொடப் போகிறேன் என்று நான் சொல்ல வேண்டும், அவள் ‘சரி’ என்று சொல்ல வேண்டும், அதன் பிறகே விரல் தாளில் படவேண்டும். மூன்றாம் நாள் இரவு, அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “என்னங்க, நான் இன்னும் சரின்னே சொல்லல, அதுக்குள்ள கை போயிடுச்சு” என்றாள். தாளில் விரல் பட்ட ஓசையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பயிற்றுநர்கள் யாரும் பிடிக்காத இடம் அது. நான் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆகவே என் முதல் அறிவுரை: கையைத் தொடைமேல் வையுங்கள். சொல்லுங்கள், பதிலைக் கேளுங்கள், பிறகு தொடுங்கள். கையேட்டை நாற்பது முறை படிப்பதைவிட இதை நான்கு நாள் செய்வது பயன் தரும் என்பது என் கருத்து. இயல்பிலேயே வாயாடிகளாக இருப்பவர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். நான் தனியே, மௌனமாகப் படிக்கும் ஆள், என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

இனி ஓரல். சிஸ்டம்ஸ் கேள்விகளுக்குப் பயந்துதான் எல்லோரும் போகிறோம், ஆனால் பலர் தடுமாறுவது செயல்பாட்டுக் கட்டுப்பாடு, அதாவது அந்தப் பயணத்துக்கான சட்டப் பொறுப்பு, யாரிடம் என்ற கேள்வியில். என்னிடம் ஒரு நாள் கதையாகவே கேட்டார்கள். காலையில் ஒரு பங்குதாரர் குடும்பத்தோடு நான்டக்கெட் தீவுக்குப் போகிறார். நண்பகலில் விமானம் காலியாக ஒயிட் பிளெய்ன்ஸ் திரும்புகிறது. மாலையில் அதே விமானம் 135ஆம் பாகத்தின்கீழ் வாடகைக்குப் பறக்கிறது. மூன்றிலும் கட்டுப்பாடு யாருடையது? காலையில் பங்குதாரருடையது. அவர் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே வாங்கியிருந்தாலும், அன்று அவருக்கு அனுப்பப்பட்டது வேறொருவர் பங்கு வைத்திருக்கும் விமானமாக இருந்தாலும், வேலைகளை நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும், பொறுப்பு அவருடையதே; இதை ஏற்பதாக அவர் கையெழுத்தும் போட்டிருப்பார். நண்பகலில், அவர் குறித்த பயணியோ பொருளோ இல்லாமல் இடம் மாற்றுவதற்காகப் பறக்கும்போது அவரிடம் கட்டுப்பாடு இல்லை. மாலையில் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனத்துடையது. சொற்றொடர்களை ஒப்பிப்பதைவிட இப்படி ஒரு நாளைக் கற்பனை செய்து படித்தால் மறக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

– இரண்டு விமானிகளுக்கு வழக்கமான பணி நேரம் 14 மணி, பறக்கும் நேரம் 10 மணி, அதன் பின் ஓய்வு 10 மணி. நீட்டிப்பு எப்போது அனுமதிக்கப்படும், அதன் பின் ஓய்வு எவ்வளவு என்பதையும் கேட்பார்கள்.

– துணை விமானிக்குச் சட்டம் கேட்பது 500 மணி, கேப்டனுக்கு 1,500 மணி. ஒற்றை எஞ்சின் என்பதால் கேப்டனுக்குச் சட்டப்படி ஏ.டி.பி. (விமான நிறுவன விமானிக்கான உயர்நிலை உரிமம்) கட்டாயமில்லை. இதை மாற்றிச் சொன்னவர் என் வகுப்பிலேயே இருந்தார்.

– பனியில் பூட்கள் வேலை செய்தால் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) 15 பாகைக்கு மேல் கூடாது. பூட்கள் பழுதானால் ஃபிளாப்பே கூடாது. ஃபிளாப் குறைந்தால் தரையிறங்கும் தூரம் கூடும், அதைக் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

– எஞ்சின் நின்றால் ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்யாமல், அதாவது அதன் இதழ்களைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பாமல், எவ்வளவு தூரம் சறுக்கிப் பறக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஃபெதர் செய்த பின் 1,000 அடிக்குச் சுமார் இரண்டரை நாட்டிகல் மைல் கிடைக்கும். 24,000 அடியில் இருந்தால் காற்றில்லாத நிலையில் 60 மைல். பதற்றப்பட வேண்டிய அவசியமே இல்லை.

– எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் பயன்படும் மேனுவல் ஓவர்ரைடு லீவரை மிக மெதுவாக நகர்த்துங்கள். 2019இல் வந்த பி.சி-12 என்.ஜி.எக்ஸ். வகையில் கட்டுப்பாடு முழுக்க மின்னணு முறை, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

– நியூயார்க் அருகே உள்ள டீட்டர்போரோ விமான நிலையத்தில் 24ஆம் ஓடுபாதையிலிருந்து ரூடி என்ற புறப்பாட்டு வழியைத் தந்தால் 1,500 அடியில் நிற்க வேண்டும், வென்ட்ஸ் என்ற வழிப்புள்ளியைத் தாண்டிய பிறகே 2,000. மேலே நியூவார்க்கில் இறங்கும் விமானங்கள் வருகின்றன. இங்கே உயரத்தை உரக்கச் சொல்வது கண்காணிப்பவரின் வேலை. மறுபடியும் வாய்தான்.

இனி வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய விமான நிறுவனத்தில் சேருவதற்கான மணிக்கணக்கைச் சேர்க்கும் இடமாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள் ஆறு மாதத்தில் சலித்துப்போவார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். இங்கே பெட்டியைத் தூக்குவதும், பனிக்கட்டியும் காபியும் ஏற்றுவதும், பயணி இறங்கிய பின் இருக்கையிடுக்கில் கிடக்கும் பிஸ்கட் துகளை எடுப்பதும், கழிப்பறையைச் சுத்தமாக வைப்பதும் விமானிகள்தாம். நாய்களும் நிறைய வரும். நாளை எங்கே தூங்குவோம் என்று இன்று தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரே தடத்தில் ஒரே முனையத்துக்குப் போய் வருவதைவிட, பிளாக் தீவின் 2,500 அடி ஓடுபாதையில் இறங்குவதற்கான கணக்கைப் போடுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். இந்தியாவிலிருந்து பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள் ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: உரிமமும் மணிக்கணக்கும் இருந்தாலும், இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை இல்லையென்றால் இந்த நிறுவனங்களின் வாசலைத் தாண்ட முடியாது. கடன் வாங்குவதற்கு முன் அதை யோசியுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு முதல் பயணம். எட்டு நாள் வேலை, ஆறு நாள் வீடு. கூட வரும் கேப்டன் யாரென்று இன்னும் தெரியவில்லை. நேற்று குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து காக்பிட் படத்தைக் கழற்றப் போனேன். அடுத்த வருடம் மறுபடியும் தேர்வு வருமே, அப்போது யார் ஒட்டுவது என்று கேட்டு, மனைவி கழற்றவிடவில்லை.