மழ கொட்டுது, ஸ்கிரீன்ல 0: அலைன்மெண்ட் பண்ண வேல

மலேசியாவுல, சுங்கை சிப்புட்டுக்கு வெளிய மாமாவுக்கு கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கு. ஒரு தடவ உரம் போட்ட மறுநாளே மழ அடிச்சு அத்தனையும் அலசிட்டுப் போயிருச்சு, அதுலேர்ந்து எவ்வளவு மழ பெய்யுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு நின்னார். சரின்னு நெலத்துல ஆர்டுயினோ ஊனோ, வீட்டுல இஎஸ்பி8266னு ரெண்டு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, நடுவுல ரேடியோன்னு ஒரு மழமானி செஞ்சேன். மொத நாளே மாமா தொப்பலா நனஞ்சு வந்து நிக்கிறார், ஸ்கிரீன்ல மழ 0. "என்னா மாப்ள, அப்ப நான் நனஞ்சது பொய்யா?"ன்னு கேட்டார்.

நான் அனுப்புன ஸ்ட்ரக்ட் (பல எண்ண ஒரே கட்டா வைக்கிறது) இதுதான்: நோடு நம்பர் 1 பைட், நேரம் 4 பைட், மழ 2 பைட். ஊனோ 8 பிட் சிப், அங்க எந்த டைப்பும் எந்த அட்ரஸ்லயும் ஒக்காரலாம், அதனால மொத்தம் 7 பைட். அதே ஸ்ட்ரக்ட இஎஸ்பிக்கு கம்பைல் பண்ணா (கோட சிப்போட மொழிக்கு மாத்துனா) 12. 4 பைட் எண் 4ஆல வகுபடுற அட்ரஸ்லதான் ஆரம்பிக்கணும்னு (இதத்தான் அலைன்மெண்ட்ங்கறது) கம்பைலர் நோடு நம்பருக்குப் பின்னாடி 3 பைட் காலியா விடுது, கடைசில இன்னும் 2. வந்த 7 பைட்ட அப்படியே இதுல கொட்டுனதும் மழ போய் நேரத்துக்குள்ள ஒக்காந்துகிச்சு, மழ இருக்க வேண்டிய எடத்துல வெறும் 0. டேட்டா பத்திரமா வந்து சேர்ந்திருக்கு, நாமதான் தப்பான வீட்டுக் கதவத் தட்டிருக்கோம்.

அப்புறம் ஸ்ட்ரக்ட விட்டுட்டு, பஃபரோட (வந்த பைட்டுங்க இருக்குற எடம்) ரெண்டாவது பைட்லேர்ந்து நேரா 4 பைட் பாயிண்டரா (அட்ரஸச் சொல்ற வேரியபிள்) மாத்திப் படிச்சேன். லேப்டாப்ல அருமையா ஓடுச்சு. இஎஸ்பில போட்டா எக்செப்ஷன் 9 (அலைன் ஆகாத அட்ரஸ்னு எரர்), ரீஸ்டார்ட், திரும்ப எக்செப்ஷன் 9. அது 16 அடிமான எண்ணுல காட்டுற அட்ரஸோட கடைசி எழுத்தப் பாருங்க, 0, 4, 8, சி இதுல ஒன்னா இருக்கணும், எனக்கு 1ன்னு வந்துச்சு. அங்கயே புரிஞ்சிருச்சு.

லேப்டாப்ல இருக்குற எக்ஸ்86 சிப், தாறுமாறா கேட்டாலும் தேவைப்பட்டா தானே ரெண்டு தடவ போயி எடுத்து ஒட்டிக் குடுத்துரும், இஎஸ்பி8266ல இருக்குற சிப்புக்கு அந்த ஹார்ட்வேரே இல்ல. கார்டெக்ஸ்-எம்0ங்கற சின்ன ஏஆர்எம் சிப்லயும் ஹார்ட்ஃபால்ட்தான் (புரோகிராம் நின்னுரும்), ஸ்பார்க் சிப்ல பஸ் எரர், 1979ல வந்த மோட்டரோலா 68000ல ஒத்தப்படை அட்ரஸ்ல 2 பைட் படிச்சாலே எரர். எனக்கு ரொம்ப பயமானது ஏஆர்எம்வி5, அதுக்கு முந்தின ஏஆர்எம் சிப்புங்கதான், அதுங்க பலதுல எரரும் வராது ஒன்னும் வராது, பைட்டுங்கள சுத்திவிட்டு வேற எண்ணக் குடுத்துரும். நின்னு போற மெஷின நம்பலாம், பொய்க் கணக்கு சொல்றத எப்படி நம்புறது? இன்டெல்லயே கூட, லினக்ஸ்ல இன்ட்டும் (4 பைட்) டபுளும் (8 பைட்) உள்ள ஸ்ட்ரக்ட் 32 பிட்ல 12 பைட், 64 பிட்ல 16.

ஸ்ட்ரக்ட்ல காலி எடம் விடாதேன்னு சொல்ற பேக்ட்னு போட்டா சரியாயிருமேன்னு சொல்வாங்க. பேர் சொல்லி ஃபீல்டப் படிக்கிற வரைக்கும் சரிதான், அந்த ஃபீல்டோட அட்ரஸ எடுத்து வேற ஃபங்ஷனுக்கு குடுத்தீங்கன்னா அந்த ஃபங்ஷனுக்கு பேக்ட் விஷயமே தெரியாது, பழைய எக்செப்ஷன் திரும்ப வந்து நிக்கும். நான் இப்ப மெம்காப்பில (பைட்டுங்கள காப்பி பண்ற ஃபங்ஷன்) 4 பைட்ட ஒரு லோக்கல் வேரியபிளுக்கு எடுத்துக்கறேன், அவ்வளவுதான். ஸ்லோவாகும்னு பயப்படாதீங்க, ஆப்டிமைஸ் ஆன் பண்ணா எக்ஸ்86 கம்பைலர் அத ஒரே லோடா மாத்திருது. சி மொழி விதிப்படியும் இதுதான் சரி, அலைன் ஆகாத பாயிண்டருக்கு மாத்துறதே அன்டிஃபைன்ட், என்ன நடக்கும்னு சொல்ல முடியாது.

மாமா பசியாறிட்டு ரெண்டாவது மழமானி கம்பத்துக்கு குழி வெட்டப் போயிருக்கார், ஆத்தோரமா. அதுக்கு கார்டெக்ஸ்-எம்0 போர்டு வாங்கி வச்சிருக்கேன், அதே மெம்காப்பி வரிங்கதான், ஒரு எழுத்து மாத்தல, காலைல டெஸ்ட் பண்ணேன், ஓடுது.