காரைக்குடி அச்சகத்தில் பேஜ்மேக்கர் 6.5: எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 11 வரை

காரைக்குடி செக்காலைப் பகுதியில், திருமணப் பத்திரிகைகளை நம்பியே நடக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் 2001 முதல் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை செய்து வருகிறேன். ஐப்பசி அடைமழையில் இடி இறங்கிய ஓர் இரவுக்கு மறுநாள் காலை, விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய கணினியின் பொத்தானை அழுத்தியபோது விசிறிகூடச் சுற்றவில்லை. பழுது பார்க்க வந்தவர், மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்திருக்கிறது என்றார். அந்த டிஸ்க்கில்தான் பக்கம் அமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 6.5-உம், அதில் நான் இத்தனை ஆண்டுகளாக அமைத்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளும் இருந்தன.

ஒருமுறை அச்சடித்து முடிந்த பத்திரிகை பிறகு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். செட்டிநாட்டில் ஒரு நகரத்தார் குடும்பத்துப் பத்திரிகை என்பது பெரும்பாலும் விலாசத்தின், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளின், அணிவகுப்பு. பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகள் தந்தையோடு நிற்பதில்லை. பாட்டனார், பூட்டனார் என்று மேலே ஏறும், சில குடும்பங்களில் நான்கு, ஐந்து என்று நீளும். அந்த வரிசையில் ஓர் எழுத்து மாறினால் பங்காளி வீடு மாறிவிடும். ஆகவே, மகன் திருமணத்துக்கு வந்தவர்கள் பிறகு தகப்பனாரின் சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணம் போன்ற சடங்குக்கு, வரும்போது, பழைய பத்திரிகையில் இருந்தபடியே பெயர்களைப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழைய கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால், ஐம்பது அறுபது பெயர்களை மறுபடி தட்டச்சு செய்து, வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு மூன்று முறை புரூஃப் காட்டியாக வேண்டும். தை முகூர்த்தங்களுக்கான ஆர்டர்கள் கார்த்திகையிலேயே வரத் தொடங்கிவிடும் என்பதால், எங்களுக்கு இருந்த அவகாசம் ஏறத்தாழ மூன்று வாரங்கள்.

முதலாளி புதிய கணினி வாங்கினார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அது விண்டோஸ் 11-உடனேயே வந்தது. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி இணைப்பான் வழியாகப் பொருத்திக் கோப்புகளை எல்லாம் நகலெடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சிக்கலும் இல்லை. அடுத்து எங்களிடமிருந்த பேஜ்மேக்கர் சிடியைப் போட்டு நிறுவப் பார்த்தபோது, இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்ற ஒற்றை வரியோடு திரை நின்றுவிட்டது. கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் எக்ஸ்பி, விண்டோஸ் 98 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து ஒரு முழு நாளை வீணடித்தேன். காரணம் தெரிந்திருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும். எங்கள் சிடியில் இருந்த நிறுவும் நிரல் 16-பிட் காலத்தது. 16-பிட் நிரல்களை ஓட்டித்தரும் என்டிவிடிஎம் என்ற பகுதி 32-பிட் விண்டோஸ்களில் மட்டுமே உண்டு. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு வந்தது, விண்டோஸ் 11-க்கு அப்படி ஒரு பதிப்பே இல்லை. கம்பாட்டிபிலிட்டி என்பது நிரலிடம், நீ பழைய விண்டோஸில்தான் இருக்கிறாய் என்று சொல்லி ஏமாற்றும் ஏற்பாடே தவிர, இல்லாத பகுதியை அதனால் உண்டாக்க முடியாது.

ஆனால் நிறுவும் நிரல்தான் 16-பிட், பேஜ்மேக்கர் 32-பிட். எனவே பழைய டிஸ்க்கிலிருந்த அதன் கோப்புறையை அப்படியே தூக்கிப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தேன், திறந்துவிட்டது. புதிய மானிட்டரில் கருவிப்பெட்டி கடுகளவு தெரிந்தது, ஹை டிபிஐ அமைப்பை மாற்றியதும் அது சரியாயிற்று. மறுநாள் வேறொரு வேடிக்கை நடந்தது. முதல் நாள் மாலை நிரலின் கோப்புறைக்குள் நான் சேமித்த மாதிரிப் பக்கம், நிரலை நிர்வாகி உரிமையோடு திறந்தபோது காணாமல் போயிருந்தது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் எழுத அனுமதி இல்லாததால், பழைய நிரல்கள் அங்கே எழுதுவதை எல்லாம் விண்டோஸ் சத்தமில்லாமல் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. நிர்வாகியாகத் திறந்தால் அந்தத் திருப்பம் நடப்பதில்லை. கோப்பு அங்கேதான் பத்திரமாக இருந்தது. அதன்பின் பேஜ்மேக்கரை சி டிரைவின் வெளிமட்டத்திலேயே ஒரு தனிக் கோப்புறையில் வைத்துவிட்டேன்.

எழுத்துருச் சிக்கலுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கோப்புகளில் இரண்டு வகை எழுத்துருக்கள் இருந்தன. பாமினி வகையில், ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும்: சிறிய எம் அழுத்தினால் அ, பெரிய எம் அழுத்தினால் ஆ, சிறிய என் ஒற்றைக்கொம்பு, பெரிய என் இரட்டைக்கொம்பு. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது, அதனாலேயே எந்த விண்டோஸிலும் அது தடுமாறுவதில்லை. இரண்டாவது வகை, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் போன்ற குறியீடுகளைச் சேர்ந்தது. அவற்றில் தமிழ் வடிவங்கள் 128-க்கு மேல் 255 வரையான இடங்களிலும் இருக்கும். அந்த மேல்பாதியை எப்படிப் படிப்பது என்பதை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடு அறியாத நிரல்களுக்கென்று விண்டோஸில் உள்ள மொழி அமைப்புதான் தீர்மானிக்கிறது.

புதிய கணினியில் பாமினிப் பத்திரிகைகள் அனைத்தும் ஒழுங்காகத் திறக்க, மற்றவற்றில் எழுத்துக்கு எழுத்து கட்டங்களும் கேள்விக்குறிகளும் வந்தன. எழுத்துருக் கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை நான்கு முறை நீக்கி நிறுவினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி நானே. கணினி வந்த அன்று, தமிழ் நன்றாகத் தெரியும் என்று எங்கோ கேள்விப்பட்டு, வட்டார அமைப்புகளில் உலக மொழிகளுக்கு யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) பயன்படுத்து என்ற பெட்டியில் டிக் செய்திருந்தேன். அந்த டிக் இருக்கும்வரை மேல்பாதி எழுத்து ஒவ்வொன்றையும் பிழையான யுடிஎஃப்-8 என்று கருதி விண்டோஸ் ஒதுக்கிவிடுகிறது. டிக்கை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கியதும் பெயர்கள் யாவும் பழையபடி வந்து நின்றன.

இத்தோடு முடிந்தது என்று எண்ணிய வேளையில், அச்சுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பேஜ்மேக்கர் தானே மூடிக்கொண்டது. அச்சுப்பொறியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பார்க்க முடிகிறது, பிளேட் (அச்சுத் தகடு) போட முடியவில்லை என்ற நிலை எங்களுக்கு எதற்கும் உதவாது. ஆகவே நேரடியாக ஓட்டும் முயற்சியை அந்த இடத்தில் விட்டுவிட்டு, கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும் வெர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு முழு எக்ஸ்பியையே நிறுவ முடிவு செய்தேன். இப்போது யோசித்தால், முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

பழைய எக்ஸ்பி சிடியில் சாட்டா என்ற இணைப்பு வகை டிஸ்க்குக்கான இயக்கி இல்லை. ஆகையால் மெய்நிகர் கணினியின் டிஸ்க்கைச் சாட்டா என்று கொடுத்தால் நீலத்திரைதான் மிஞ்சும், அதற்கு முந்தைய வகையான ஐடிஇ என்று கொடுக்க வேண்டும். நினைவகம் 1 ஜிபி தாராளம். நிறுவி முடித்ததும் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் 11-இன் பாதுகாப்புப் பகுதி செயலியின் மெய்நிகர் வசதியைத் தான் எடுத்துக்கொண்டிருப்பதால், வெர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் மெதுவாக ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. நினைவகப் பாதுகாப்பை அணைத்தால் ஆமை போய்விடும் என்று பலரும் சொன்னார்கள். முதலாளி வங்கிக் கணக்கும் இதே கணினியில்தான் பார்க்கிறார் என்பதால் நான் அதைத் தொடவில்லை. நான்கு பக்கப் பத்திரிகைக்கு ஆமை வேகமே போதும்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அதனால் மெய்நிகர் எக்ஸ்பிக்கு இணைய இணைப்பே கொடுக்கவில்லை. நெட்வொர்க் அட்டையையே கழற்றிவிட்டேன். எக்ஸ்பி பேசும் பழைய பகிர்வு முறையை விண்டோஸ் 11 இயல்பாக ஏற்பதில்லை என்பதால், நெட்வொர்க் இருந்திருந்தாலும் கோப்புகளைப் பரிமாறுவது எளிதாக இருந்திருக்காது. வெர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டரே அதற்குப் போதும்: வெளியே ஒரு கோப்புறை, உள்ளே அதுவே ஒரு டிரைவ்.

அச்சுக்கு வழி இப்படி அமைந்தது. எக்ஸ்பிக்குள் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியில் இயங்கும் ஓர் அச்சுப்பொறியை, கருவி எதுவும் இல்லாமலே, கோப்பில் அச்சிடு என்று நிறுவினேன். பேஜ்மேக்கரிலிருந்து அதற்கு அனுப்பினால் ஷேர்டு ஃபோல்டரில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு விழும். வெளியே விண்டோஸ் 11-இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் அதைப் பிடிஎஃப் ஆக்கித் தரும். பிடிஎஃப்பைத் திறந்து, எழுத்துருக்கள் எல்லாம் உள்ளேயே பதிந்திருக்கின்றனவா என்று ஆவணப் பண்புகளில் ஒருமுறை பார்த்த பிறகே பிளேட் போட மதுரைக்கு அனுப்புகிறேன்.

கையோடு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று கணினிக் கடைத் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான், தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த பக்க அமைப்பு நிரலான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. எங்களிடம் அந்தப் பழைய பதிப்பு இல்லை. எனவே உரையை மட்டும் வெளியே எடுத்து, யூனிகோடாக்கும் மாற்றி நிரலில் போட்டுப் பார்த்தேன். தமிழ் அருமையாக மாறியது. ஆனால் வெறும் உரையாக எடுக்கும்போது எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் அழிந்துவிடுகிறது. மணமகனின் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இருந்த எம்.ஏ. பட்டத்தையும் அந்த மாற்றி நிரல் பாமினி என்றே எடுத்துக்கொண்டு, பெரிய எம்மை ஆ. என்று ஆக்கிவிட்டது. விலாசத்தில் வரக்கூடிய எழுத்துத்தானே என்று கண் அதைத் தாண்டிப் போய்விடும். அச்சாகி வந்திருந்தால், பட்டம் போய் இல்லாத ஒரு பாட்டனார் வந்து சேர்ந்திருப்பார். அதனால் நாலாயிரத்தையும் மொத்தமாக மாற்றுவதை விட்டுவிட்டு, எந்தக் குடும்பம் மறுபடி வருகிறதோ அந்தக் குடும்பத்தின் பெயர்களை மட்டும் மாற்றி, அச்சடித்த அட்டையோடு ஒத்துப்பார்த்துச் சேமிக்கிறேன். இதுவரை முப்பத்தொரு குடும்பங்கள் ஆகியிருக்கின்றன.

மெய்நிகர் எக்ஸ்பியில் முதலில் தயாரான வேலை, பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் ஆச்சியுடையது. 2002-இல் அவருடைய பெரிய மகன் திருமணத்துக்கு நாங்கள்தான் பத்திரிகை போட்டோம். அப்போது மணமகனாக இருந்தவர் இப்போது பெண்ணைக் கொடுக்கும் தகப்பனார். பழைய கோப்பு ஒரு புள்ளி பிசகாமல் திறந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில், திரையை ஆச்சியின் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, பையிலிருந்து அந்த 2002 பத்திரிகையை எடுத்து வைத்தார். விலாசத்தில் மே. என்று இருந்த இடத்தில் நீலப்பேனாவால் அடித்து மெ. என்று எழுதியிருந்தது.

"அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன் அம்மா. கல்யாண வீட்டு வேலையில மறந்துபோச்சு. இந்தத் தடவையும் அப்படியே போட்டுராதே" என்றார்.

மெய்யப்பன் என்ற பாட்டனாருக்கு, என்னுடைய விரல் ஷிஃப்ட் சாவியில் தங்கிவிட்டதால், இரட்டைக்கொம்பு முளைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை அழித்து ஒற்றைக்கொம்பாக்கிப் புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். ஆச்சி போன பிறகு அதே குடும்பத்தின் மற்றக் கோப்புகளையும் திறந்து பார்த்தேன். 2009-இல் இளைய மகனுக்குப் போட்ட பத்திரிகை, முந்தையதை நகலெடுத்துச் செய்தது என்பதால், அதிலும் மே. என்றே இருந்தது. அதை நான் இன்னும் ஆச்சியிடம் சொல்லவில்லை.