ஊதியூர் தாண்டி ஒடிந்த பட்டை

அம்மாவின் ஊர் உடுமலைக்குத் தெற்கே. அங்கே அப்பச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாளை வீட்டோரம் இரண்டு கல் தொட்டிகள் கிடந்தன. மாடு கன்றுகள் இருந்தவரை அவற்றில் தண்ணீர் வற்றியதே இல்லை. அப்பச்சி காலமான பிறகு தோட்டம் தென்னந்தோப்பாகிவிட்டது, மாடுகளும் போய்விட்டன. "நீதான் மாடு வெச்சிருக்கறயே, கொண்டு போ கண்ணு. இங்க மழைத்தண்ணி நின்னு கொசுதான் முட்டை வைக்குது" என்று மாமா போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வயதில் அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மாடுகள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தவன் நான். ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, மனைவியின் தம்பியையும் (எனக்கு மாப்பிள்ளை முறை) கூட்டிக்கொண்டு கோபியிலிருந்து பிக்கப் வண்டியில் கிளம்பினேன்.

போகும்போது வெறும் வண்டி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, தாராபுரம் தாண்டியதும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுற்றின. வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்கிறதே என்று மாப்பிள்ளை கேட்டபோது, காற்றுதான் காரணம் என்று சொன்னேன். உண்மையில் ஒரு மாதமாகவே அது அப்படித்தான் நின்றது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் 'கிறீச்' என்று ஒரு சத்தமும் வரும். ஊர் ரோடு அப்படி என்று விட்டுவிட்டேன். அந்த அலட்சியத்தை இப்போது நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது.

தொட்டிகளை ஏற்றப் பக்கத்துத் தோட்டத்து ஜேசிபி வந்தது. எடை எவ்வளவு இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே குடைந்த பகுதியைக் கழித்தால் சுமார் 10 கன அடி கல். கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ இருக்கும். அப்படியானால் ஒரு தொட்டி முக்கால் டன், இரண்டும் சேர்ந்து ஒன்றரை டன். என் வண்டி தாங்க வேண்டியது 1,300 கிலோ. அதற்கு மேல் மாமா அன்போடு ஏற்றிவிட்ட தேங்காய் மூட்டைகள் வேறு. வைக்கோலோ பஞ்சோ ஏற்றினால் கண்ணுக்கே பாரம் தெரியும். கல் அப்படியல்ல, கொஞ்சம் இடத்தில் அடங்கிக்கொண்டு ஒன்றும் இல்லாதது போல உட்கார்ந்திருக்கும்.

தாராபுரத்திலிருந்து காங்கேயம் 30 கிலோமீட்டர் சொச்சம். பாதி வழியில் ஊதியூர். ரோட்டிலிருந்தே மலை தெரியும். பொன்னூதி மலை என்றும் சொல்வார்கள். கொங்கணச் சித்தர் அங்கே உலை ஊதிப் பொன் செய்தார் என்பது கதை. அதை மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஊதியூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலம், அதன் முனையில் ரோடு இறங்கியிருந்தது. வண்டி அதில் குதித்ததும் பின்னால் 'டங்' என்று ஒரே சத்தம். கோயில் மணியில் சுத்தியால் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே இடது பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"மச்சா, டயரு பாடியில ஒரசுது!"

ஓரங்கட்டி இறங்கிப் படுத்துப் பார்த்தேன். வண்டியின் பாரத்தைத் தாங்கி வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் பட்டைகளில் மேலே இருக்கும் மெயின் பட்டை, ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு)ப் பின்னால், பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டை ஒட்டி இரண்டாக ஒடிந்திருந்தது. வண்டிச் சட்டமான சேஸின் ரப்பர் கட்டை ஆக்சில் மேலேயே உட்கார்ந்திருந்தது.

நின்ற இடத்துக்கு இரு பக்கமும் கொறங்காடு. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். மானாவாரி நிலத்தைச் சுற்றி உயிர்வேலியாகக் கிளுவை, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்தது கொறங்காடு. ஆடு மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இப்படிப்பட்ட காடுகளில்தான்.

அந்தக் காட்டிலிருந்து ஒரு பெரியவர் படலைத் திறந்துகொண்டு வந்தார். குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, பட்டை ஒடைஞ்சு போச்சாட்டருக்குது. வண்டிய ஒரு அடி கூட நகத்தாதீங்க. மொதல்ல பாரத்தை எறக்குங்க."

அவர் பேச்சைக் கேட்டது எங்கள் நல்ல நேரம். அரை மணி நேரத்தில் அவர் மகன் டிராக்டரோடு வந்தார், கூட இரண்டு ஆட்கள். கடப்பாரையும் உருளைக் கட்டைகளும் வைத்து நெம்பி, சங்கிலி கட்டி, தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொறங்காட்டுப் படல் பக்கத்திலேயே வைத்தோம். அந்த வீட்டு அம்மா ஒரு போசி நிறைய மோர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்று வாங்கிக்கொண்டு போனார். யார், எந்த ஊர் என்றெல்லாம் அப்புறம்தான் கேட்டார்கள்.

மதியம் காங்கேயத்திலிருந்து பட்டறைக்காரர் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஜாக்கியும் சங்கிலியும் கட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் அவர் பார்த்தது ஒடிந்த இடம் ஆக்சிலுக்கு முன்னாலா பின்னாலா என்பதைத்தான். முன்பக்கம் மெயின் பட்டையின் முனையைச் சுருட்டி வளையமாக்கி, சேஸில் ஆணி போட்டுப் பிடித்திருப்பார்கள். ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது அந்த முன்பாதி. அது ஒடிந்தால் ஆக்சில் இடம் விட்டு நழுவி, வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பின்முனை சேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது. பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது நீளம் கூடும், அதற்கு இடம் கொடுக்க முன்னும் பின்னும் ஆடுவது சேக்கிளின் வேலை. எங்களுக்கு ஒடிந்தது பின்பாதி. "முன்னால போயிருந்தா கட்டி இழுத்துட்டுத்தானுங்க போயிருக்கோணும்" என்றார்.

சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினோம். பெரியவர் காட்டிலிருந்து ஒரு வெள்வேலங்கட்டையை வெட்டிக் கொடுத்தார். ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் அதைச் செருகி, நழுவாமல் சங்கிலியால் சுற்றிக் கட்டி, தொங்கிய பட்டைத் துண்டையும் கம்பியால் இறுக்கினார் பட்டறைக்காரர். பிரேக் பைப்பில் எதுவும் உரசவில்லை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் காங்கேயம். அந்தப் பக்கத்தில் வில்லே இல்லை என்பதால் ஒவ்வொரு சின்னக் கல்லும் முதுகெலும்பில் வந்து இடித்தது.

பட்டறையில் இடது பக்கத்துப் பட்டை செட்டைக் கழற்றி, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைப் பிரித்ததும் ஏழு பட்டைகளும் கையோடு வந்தன. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஒடிந்தது மெயின் பட்டை மட்டும் இல்லை. மூன்றாவது பட்டை நடுவில், சென்டர் போல்ட் துளை வழியாகவே இரண்டாகியிருந்தது. அந்த ஒடிவு முழுக்கத் துருவேறிக் காவி நிறமாக இருந்தது. மெயின் பட்டையின் ஒடிவோ உள்ளே சர்க்கரை மாதிரி மின்னியது. "இது இன்னிக்கு ஒடைஞ்சது. அது ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்" என்றார். பக்கவாட்டுச் சாய்வும் அந்தக் கிறீச் சத்தமும் எங்கிருந்து வந்தன என்பது அந்தக் காவி நிறத்திலேயே எழுதியிருந்தது.

மூன்றாவது பட்டை ஏன் துளையில் ஒடிந்தது? யூ போல்ட் தளர்ந்ததால். நட்டுகளை அவர் விரலால் திருகிக் காட்டினார். நடுவில் துளை இருப்பதால் பட்டைக்கு அதுவே பலவீனமான இடம். யூ போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை அந்த இடம் வளையாது. பிடி விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் துளை வளைந்து நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது.

வெல்டு வைத்தால் இன்றைக்கே கிளம்பிவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்டான். பட்டறைக்காரர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பட்டை என்பது சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகு. அதை உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் ஏற்றியிருப்பார்கள். வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் பதம் போய்விடும். "வெல்டு நிக்குமுங்க. பக்கத்துல ஒடையும்" என்றார். ரெண்டு பட்டை கூடப் போட்டுக்கலாமா என்றான் அடுத்து. அதற்கும் தலையாட்டவில்லை. "பட்டை தாங்கும் சாமி. ஆக்சில் ஹவுசிங்கு தாங்குமா, டயரு தாங்குமா, பிரேக்கு புடிக்குமா? பட்டைதானுங்க பாவம்னு மொதல்ல ஒடையுது."

அதன் பிறகு அவர் செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. வலது செட்டையும் பிரித்தார். அதில் எதுவும் ஒடியவில்லை. ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். எடுத்து நன்றாகத் துடைத்துக் காயவைத்து, துளையைச் சுற்றிலும் சாக்பீஸைப் பூசினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். வலது மூன்றாவது பட்டையில், வெள்ளைச் சாக்பீஸின் மேல் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெளியே வந்திருந்தது. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எந்திரம் எதுவும் இல்லாமல் ஒரு சாக்பீஸ் துண்டு அதைச் சொல்லிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பட்டைகள் மாறிக்கொண்டிருந்தபோது பேச்சு அப்பச்சி பக்கம் போனது. அவரிடம் வில் வண்டி இருந்தது என்றேன். பட்டறைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் அப்பா வில் வண்டிக்கு வில் கட்டியவராம். இன்று நாம் பட்டை என்பதற்கு அன்று பெயர் வில். சாமான் வண்டிக்கு வில் கிடையாது, பாரம் நேராக அச்சில் உட்காரும். ஆட்கள் போகும் சவாரி வண்டிக்குத்தான் வில். வில்லின் வளைவைக் கண் பார்வையிலேயே சரி செய்வார் என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். எங்கள் அப்பச்சி வில் வண்டியில் மூட்டை ஏற்ற விடமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குப் போகும் வண்டி என்ற பெருமை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இடப்பக்கம் புது மெயின் பட்டை, இருபக்கமும் புது மூன்றாவது பட்டை, சென்டர் போல்ட், புஷ், நான்கு யூ போல்ட்டும் புதிதாகவே போட்டார். ஒரு தடவை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும், திரும்ப நம்பக் கூடாது என்றார். மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் முன்பக்கத்து ஆணியிலிருந்து சென்டர் போல்ட் வரை டேப் வைத்து அளந்தார். அது சமமாக இல்லையென்றால் ஆக்சில் கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி நடக்கும். யூ போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினார். சேக்கிள் நட்டுகளை மட்டும் வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் நின்று பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகே கடைசியாக இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம்.

இரவு காங்கேயத்திலேயே தங்கினோம். காலையில் கொறங்காட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு தொட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு, தேங்காய் மூட்டைகளில் பாதியைக் கொறங்காட்டு வீட்டில் வற்புறுத்தி இறக்கி வைத்துவிட்டு, சென்னிமலை, பெருந்துறை வழியாகக் கோபி வந்து சேர்ந்தோம். ஒடிந்த மெயின் பட்டையைக் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் ஊர்க் கொல்லர் அதில் ஒரு கொடுவாள் அடித்துக் கொடுத்திருக்கிறார். பட்டை இரும்பில் அடித்தது சீக்கிரம் கூர் மழுங்காது என்று சீமைக்கருவேலம் வெட்டிப் பார்த்தே கொடுத்தார்.

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்லியிருந்தார். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று அமர்ந்து கொஞ்சம் இடம் விடுமாம். மூன்று வாரம் கழித்துப் போனேன். ஸ்பேனரை வைத்துக் குழாய் செருகி அழுத்தினார். நான்கு யூ போல்ட்டிலும் எல்லா நட்டும் கால் சுற்று இறங்கின. "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார், காசு வாங்கவில்லை.

அங்கிருந்து நேராக ஊதியூர்ப் பக்கம் போனேன். கொறங்காட்டில் இருந்த தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள், இரண்டு செம்மறிகள் குடித்துக்கொண்டிருந்தன. அவை குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தண்ணீரைச் சாய்த்துவிட்டு ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் நான் படுத்து இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் பார்த்தேன். வளைவு இன்னும் இருந்தது.