அப்பாவோட இளநீரை நிறுத்தின கதை

போன வருஷம் கத்திரி வெயில் சமயம் அப்பாவுக்கு வழக்கமா எடுக்கற ரத்த டெஸ்ட் எடுத்தோம். வயசு 68, சுகரும் பிரஷரும் 15 வருஷமா இருக்கு. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 1.9, அது ரெண்டு வருஷமாவே 1.7, 1.8ன்னு ஊர்ந்துட்டு இருந்ததால பெருசா பதறல, ஆனா பொட்டாசியம் 5.8ன்னு வந்துச்சு, 5 தாண்டினாலே கவனிக்கணுமாம், லேப்ல இருந்தே போன் பண்ணி இன்னிக்கே டாக்டரை பாருங்கன்னுட்டாங்க.

கிட்னி டாக்டர் முதல்ல ஈசிஜி எடுக்க சொன்னார், பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறுமாம். அது நார்மல்னு தெரிஞ்சப்புறம் தான் சாப்பாட்டு விசாரணை. அப்பா பெருமையா, "வெயிலுக்கு தினம் ரெண்டு இளநீர் சார், ராத்திரி ஒரு செவ்வாழை"ன்னார். டாக்டர் எழுதறதை நிறுத்திட்டு என்னை பாத்தார். ஒரு இளநீர்லயே சுமாரா 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்காம், நல்ல கிட்னி அதை சத்தமில்லாம வெளிய தள்ளிடும், அப்பாவோடது முப்பது நாப்பது சதவீதம் தான் வேலை செய்யுது.

அடுத்து கேட்டார் பாருங்க, "வீட்ல என்ன உப்பு?"ன்னு. பிரஷருக்கு நல்லதுன்னு நானே தேடி விலை ஜாஸ்தி குடுத்து வாங்கின சோடியம் குறைச்ச உப்பு. அதுல சோடியத்துல ஒரு பகுதிக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடாம்! ஆறு மாசமா நான் தான் போட்டு குடுத்திருக்கேன். பிரஷர் மாத்திரையும் கொஞ்சம் பொட்டாசியத்தை ஏத்துமாம், ஆனா கிட்னிக்கு அது பாதுகாப்பும் கூட, நீங்களா நிறுத்தாதீங்கன்னார். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி போடற மாத்திரை மட்டும் அன்னியோட கட்.

வீட்டுக்கு வந்தா சமையல்கட்டு சண்டை. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் பொடியா நறுக்கி நிறைய தண்ணில வேகவச்சு அந்த தண்ணியை வடிச்சு கொட்டிட்டு தான் தாளிக்கணும். அம்மா, "சத்தெல்லாம் தண்ணியோட போயிருமேடி"ன்னாங்க. பொட்டாசியம் போகட்டும்னு தாம்மா வடிக்கறோம்! முதல் நாள் பழக்க தோஷத்துல வடிச்ச தண்ணியை எடுத்து ரசத்துல ஊத்திட்டாங்க, அந்த ரசத்தை நானும் அம்மாவும் குடிச்சோம்.

உப்பு ஒரு நாளைக்கு அஞ்சு கிராம், ஒரு டீஸ்பூன் தான். சாதா உப்பையே காலைல ஒரு சின்ன டப்பால அளந்து வச்சுருவோம், அப்பாவோட மூணு வேளைக்கும் அதுலருந்து தான். இட்லி மாவுக்கே கொஞ்சம் போயிடுது, அப்பறம் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய்க்கு எங்க இடம்? மிளகு, சீரகம், பூண்டு தூக்கலா போட்டு சமாளிக்கறோம். சித்தப்பா போன்ல இந்துப்பு போடுங்கன்னார், அதுவும் சோடியம் தான் சித்தப்பான்னு சொன்னா நம்பவே இல்ல.

தண்ணி விஷயத்துல தான் ஆளாளுக்கு அட்வைஸ். நாலு லிட்டர் குடிச்சா கிட்னி கழுவி விட்ட மாதிரி ஆகும்னாங்க. எங்க டாக்டர், கால் வீக்கம் இல்ல, தாகத்துக்கு குடிங்க போதும்னார். கல்லு பிரச்சனை உள்ள என் தம்பிக்கு வேற கதை, ரெண்டரை லிட்டர் யூரின் போற அளவுக்கு குடிக்கணும்னு அவனோட டாக்டர் சொல்லியிருக்கார். ஒரே வீட்ல ரெண்டு கிட்னிக்கும் ரெண்டு சட்டம், அதனால எங்க லிஸ்டை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

பொட்டாசியம் ஒரு வாரத்துல 5.2, ஒரு மாசத்துல 4.7க்கு இறங்குச்சு. கிரியேட்டினின் அதே 1.9 தான், ஏறாம இருக்கறதே பெருசுன்னார் டாக்டர்.

அப்பா இன்னும் சாயங்காலம் அந்த இளநீர் வண்டிகிட்ட போய் உக்காந்து பேப்பர் படிச்சுட்டு தான் வரார். வண்டிக்காரர் வெட்டவான்னு கேட்டா, "நாளைக்கு பாப்போம்"னு ஒரு வருஷமா சொல்லிட்டு இருக்கார்.