மடிப்பு ஓரிடம், கோடு ஓரிடம்

பழைய ஹாலிவுட் போஸ்டர் சேர்க்க ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு போலிகளைப் பார்த்துவிட்டேன். முதலாவதைக் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். இரண்டாவதை வாங்குவதற்கு முன்பே பிடித்துவிட்டேன்.

முதலாவது, 1950-களின் ஒன்-ஷீட் (தியேட்டரில் வைக்கும் வழக்கமான அளவுப் போஸ்டர்) என்று சொல்லி விற்கப்பட்டது. மங்கிய நிறம், பழுப்பேறிய ஓரம், மடிப்பில் வெள்ளைக் கோடு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சும்மா விரலால் தடவியபோது உறுத்தியது. விரலுக்குத் தட்டுப்பட்ட மடிப்பு ஓரிடத்தில், கண்ணுக்குத் தெரிந்த வெள்ளைக் கோடு அதற்கு அரை விரல்கடை மேலே! பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்த 'வெள்ளை'க்குள் மஞ்சளும் நீலமுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். யாரோ ஓர் அசலை மடிப்போடு ஸ்கேன் செய்து அச்சடித்து, பிறகு தாளையும் மடித்திருக்கிறார்கள். மடித்த கை கொஞ்சம் தவறிவிட்டது. நிஜ மடிப்பில் மை வெடித்து உதிர்ந்து, தாளின் நார் தெரியும். அங்கே தெரிவது தாளின் சொந்த வெள்ளை, அதில் புள்ளிக்கு வேலையே இல்லை.

அதன் பிறகு லென்ஸும் கையுமாக அலைந்தேன். புள்ளி தெரிந்தாலே போலி என்று முடிவுகட்டி, நல்ல போஸ்டர் ஒன்றை இரண்டு நாள் சந்தேகப்பட்டது தனிக்கதை. ஆஃப்செட்டில் அச்சான அசலிலும் படத்தில் புள்ளி இருக்கும். பார்க்க வேண்டியது எழுத்தை. அடியில் வரும் பொடி எழுத்துகள் அசலில் பெரும்பாலும் ஒரே மையில் கெட்டியாக, ஓரம் வெட்டினாற்போல இருக்கும். ஸ்கேன் நகலில் அதே எழுத்தின் ஓரம் புள்ளிகளாக உதிர்ந்து கிடக்கும். 1930-களின் கல் லித்தோ, அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சு, வேறு ஜாதி. அதில் சீரான புள்ளி வரிசையே கிடையாது, சொரசொரப்பான சுவரில் க்ரேயான் தேய்த்த மாதிரி ஒழுங்கற்ற மணல்தான் தெரியும்.

அளவுநாடா அடுத்த துணை. அந்தக் காலத்து ஒன்-ஷீட் 27-க்கு 41 அங்குலம். 27-க்கு 40 என்பது 1980-களில் வந்த வழக்கம். ஓரம் வெட்டுப்பட்ட அசலும் உண்டு என்பதால் ஓர் அங்குலம் குறைந்ததும் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போஸ்டர் விநியோகித்த நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் நிறுவனம் அடியில் போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். 54/ என்று தொடங்கினால் 1954. முன்னால் 'ஆர்' எழுத்து இருந்தால் மறுவெளியீடு. எண் பொருந்தாவிட்டால் சந்தேகம் வலுக்கும், பொருந்தினால் ஒன்றும் நிரூபணமாகாது. படத்தை நகலெடுப்பவன் எண்ணை மட்டும் விட்டுவைப்பானா?

புற ஊதா டார்ச்சில் எனக்கு இருந்த நம்பிக்கை இப்போது பாதியாகிவிட்டது. தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950 வாக்கில். அதனால் 1930-களின் தாள் என்று சொல்லப்படுவது இருட்டில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அபாயமணிதான். ஆனால் என்னிடம் இருந்த ஒன்று ஓரத்தில் மட்டும் பளிச்சிட்டு வயிற்றைக் கலக்கியது. அது போஸ்டரே இல்லை, லினன் பேக்கிங் (போஸ்டரைத் தாளும் துணியும் வைத்து ஒட்டிப் பலப்படுத்துவது) செய்தபோது பின்னால் ஒட்டிய புதுத் தாளின் விளிம்பு! ஒளிராததாலும் நிம்மதி இல்லை. பழைய வெற்றுத் தாள் கிடைத்தால் அதிலும் அச்சடிக்கலாம்.

இப்போது நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். ஒன்-ஷீட்டைக் குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று என மடித்தால் எட்டுக் கட்டம் வரும். மடித்தபடியே வருஷக்கணக்கில் கிடந்ததில் காற்றும் தூசியும் பட்டவை வெளியே தெரிந்த ஓரிரு கட்டங்கள் மட்டும். அவைதான் அழுக்கேறிக் கருத்திருக்கும், உள்ளே இருந்தவை வெளுப்பாகவே நிற்கும். இரண்டாவது போலி மாட்டியது இதில்தான். விற்பவர் அனுப்பிய படத்தில் எட்டுக் கட்டமும் டீத்தண்ணியில் முக்கியெடுத்தது போல ஒரே பழுப்பு. மூலையில் இருந்த ஊசித்துளைகளைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் ஒரு துளையைச் சுற்றியும் துருக்கறை இல்லை. பல வருஷம் சுவரில் தொங்கியது என்று சொல்லியிருந்தாரே என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

முதல் போலியைக் கிழித்துப் போடவில்லை. புதிதாக எது வந்தாலும் அதை அருகில் விரித்து, லென்ஸில் மாறிமாறிப் பார்க்கிறேன். எனக்குப் பிறகு யார் கைக்காவது போய்விடக்கூடாது என்று பின்பக்கம் எட்டுக் கட்டத்திலும் அழியாத மையில் 'நகல்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.